பதினொன்றாவது கார்டு

பேய்ப் படம் ஒன்றுக்கு டைட்டில் செய்யும் வேலை அவனுக்கு வந்திருந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம்போல இருக்க வேண்டும் என்பது டைரக்டரின் ஆசை. கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, எழுத்தின் அடியிலிருந்து சொட்டும் ரத்தம், ஓடித் தேய்ந்த ஃபிலிமின் கீறல்கள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். தூசியை மட்டும் வீட்டு ஃபிரிட்ஜின் மேலிருந்து விரலால் வழித்து, கறுப்புக் காகிதத்தில் தட்டி, படம் பிடித்திருந்தான். மனைவி போன ஏழு மாதத்தில் அங்கே தூசிக்குப் பஞ்சமில்லை.

அவள் தன் அக்கா வீட்டில் இருந்தாள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. இந்தப் படத்துக்கும் உடைகள் அவள் பொறுப்புதான்.

மதியம் புரொடக்‌ஷன் மேனேஜர் பெயர்ப் பட்டியலை அனுப்பினான். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டு வந்தவன் பதினொன்றாவது கார்டில் நின்றான். ‘உடைகள்’ என்பதன் கீழே அவள் பெயர் மட்டும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரோடு எப்போதும் சேர்ந்தே வரும் அவனுடைய பெயர் இல்லை.

மேனேஜருக்குப் போன் செய்தான்.

“தம்பி, பதினொண்ணுல ஒரு பேர் விட்டுப்போச்சு போல.”

“விட்டுப்போகலண்ணே. அண்ணிதான்...” மேனேஜர் தொண்டையைச் செருமினான். “மேடம்தான் அப்படிப் போடச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்.”

கோபமோ அழுகையோ ஏதாவது வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். பசிதான் வந்தது. டப்பாவைத் திறந்து, நின்றபடியே சாப்பிட்டுக் கை கழுவினான்.

இரண்டு பெயரும் ஒரே வரியில் அடங்க, முன்பெல்லாம் எழுத்தைச் சின்னதாக்குவான். இப்போது தாராளமாக இடம் இருந்தது. பெரிதாக்கி நடுவில் வைத்தான். லேசாக நடுங்கவிட்டான். கடைசி எழுத்திலிருந்து ரத்தத்தை இழுத்தான். சொட்டு சீக்கிரம் விழுந்தது. பன்னிரண்டு ஃபிரேம், அதாவது அரை நொடி, தள்ளி வைத்தான்.

மாலை டைரக்டர் வந்து பார்த்தார். “இந்தக் கார்டுதான் சார்! புல்லரிக்குது. மத்ததையும் இப்படியே பண்ணிடுங்க.” பிறகுதான் பெயரைப் படித்தார். குரல் இறங்கியது. “வீட்ல எல்லாம்...?”

“ரத்தத்தை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கட்டுமா?”

“ஆக்குங்க சார்.”

இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள்.

“டைட்டில் பார்த்தேன். நல்லா இருக்கு.”

“ம்.”

“உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

“பரவாயில்ல.”

“செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வக்கீல் ஆபீசுக்கு வர முடியுமா? கையெழுத்துப் போடணும்.”

“எந்த மாடி?”

“மூணாவது.”

போனான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இருவரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள்.

“அந்த ரத்தத்தை எப்படிப் பண்ணின?” என்று கேட்டாள்.

சொன்னான். ஒரு கோட்டை வளரவிட்டு, நுனியை உருட்டி, ஓரத்தைக் கலங்கலாக்கி... மூன்று மாடியும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவள் நடுநடுவே “ஓ” என்றாள். ஏழு மாதத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

தெருவுக்கு வந்ததும், “வரேன்” என்று பஸ் நிறுத்தத்தின் பக்கம் நடந்தாள். அவனுக்கும் அதே நிறுத்தம்தான். முதலில் வரும் பஸ்ஸில் அவள் போகட்டும் என்று வாசலிலேயே நின்றான்.