டைரக்டர் மெஷினுக்கு முதலிடம்

தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால் யக்ஞநாராயணன் சும்மா விடமாட்டார், சண்டைக்கே போய்விடுவார். அப்படிப்பட்ட மனுஷர்தான், தான் வேலை பார்க்கும் சேலையூர் ஆஸ்பத்திரியில் டைரக்டரை வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கம்ப்யூட்டர் பிரிவு அவர் பொறுப்பு. அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷின் உண்டு, அதாவது பெரிய கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு குட்டி கம்ப்யூட்டர். ஆனால் எல்லாம் எழுதுவதும் படிப்பதும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில்தான், தெருவுக்கே ஒரு தண்ணி லாரி வருகிற மாதிரி. கூட்டமில்லாதபோது வம்பில்லை. நெரிசல் வந்தால் யார் குடம் முதலில் என்பதை யக்ஞநாராயணன் தன் திரையில் முடிவு செய்து வைத்திருப்பார்: ஹை, நார்மல், லோ.

போன வாரம் டைரக்டர், படுக்கை நிலவர கிராஃப் திறக்க நேரமாகிறது என்று முகத்தைச் சுளித்தார். அன்றைக்கே அவர் மெஷின் ஹைக்குப் போனது. அதிகமாக இழுப்பது ஸ்கேன் படங்கள்தான் என்று, ஸ்கேன் பிரிவின் மெஷினை யக்ஞநாராயணன் லோவில் தள்ளிவிட்டார். டைரக்டர் தோளில் தட்டிக்கொடுத்ததை வீட்டில் மனைவி ரமாவிடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். ஸ்கேன் டாக்டர் அஜீசா போன் செய்தார்.

"சார், படம் தொறக்கவே மாட்டேங்குது. பைக்ல இருந்து விழுந்தவரு, சவுரிமுத்துன்னு. தலைக்குள்ள ரத்தக்கசிவு இருக்கான்னு உடனே பாக்கணும்."

யக்ஞநாராயணனுக்குக் காரணம் அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"கேபிள் ப்ராப்ளமா இருக்கும் மேடம். ஃபயாஸை அனுப்பறேன்."

நெட்வொர்க் பார்க்கும் ஃபயாஸ் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யக்ஞநாராயணன் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கேன் மெஷினை ஹைக்கு ஏற்றினார், டைரக்டருடையதை இறக்கினார். ஒரு நிமிஷ வேலை அது.

மனசு கேட்காமல் ஸ்கேன் அறைக்குப் போனபோது படம் திறந்திருந்தது. கசிவு இல்லை. அழுது வீங்கிய கண்களோடு நின்ற சவுரிமுத்துவின் மனைவியிடம் அஜீசா, "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டியவர் கதவோரம் கூனிக்குறுகி நின்றார்.

ஃபயாஸ் இன்னும் ஏணியில்தான் இருந்தார். சீலிங் பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டிருந்தார். சட்டையெல்லாம் ஒட்டடை.

"ஒயர்ல ஒண்ணும் தெரியல மேடம். ஆனா என் மேலதான் தப்பு. போன வாரமே செக் பண்ணியிருக்கணும். சாரி மேடம்."

யக்ஞநாராயணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. கால் நகரவில்லை.

"எறங்குங்க ஃபயாஸ். ஒயர் நல்லாத்தான் இருக்கு. டைரக்டர் மெஷினுக்காக நான்தான் ஸ்கேனைப் பின்னால தள்ளிவச்சேன். நீங்க போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும் மேடம்."

ஃபயாஸ் சீலிங்கிலிருந்து தலையை வெளியே எடுத்தார். முகத்தில் கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அப்ப என்னை எதுக்கு சார் மேல ஏத்துனீங்க?"