விஜயதசமிக்கு ஒரு சாண்

எனக்கு வாய் நீளம். ஜீவனஹள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். குழாயடியில் என்னோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவள் இன்னும் பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்ட நான் அந்தப் பூஜை விஷயத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். பொத்த வைத்தவர் என் வீட்டுக்காரர் தியோடர். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் வாயையே வேறொருத்தன் கட்டிப்போட்டிருந்தான்.

அவர் பச்சை கேட் மில்லில் தறி ஓட்டியவர். மில்லுக்கு ஏதோ பெரிய இங்கிலீஷ் பேர் உண்டு, எங்கள் நாக்கில் அது நிற்காது. கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது, அதனால் பச்சை கேட் மில். முதல் உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பியிருந்த சமயம் அது. சாமான் விலையெல்லாம் மானாவாரியாக ஏறிக் கிடந்தது. அப்போது பார்த்து மேனேஜர் துரை நெசவு ஷெட்டுக்கு வந்து நின்று, இனி ஆளுக்கு ஒரு தறி கிடையாது, ஒரு ஆள் இரண்டு தறி பார்க்க வேண்டும் என்றார். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். இவர் மட்டும், "அப்போ மீதிப் பாதி ஆளுங்க எங்க போறது துரை?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டது இவ்வளவுதான். மறுநாள் காலை இவரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். "நீ வேண்டாம், போ." இத்தனை வருஷ உழைப்புக்கு மூன்றே வார்த்தை!

ஆனால் சும்மா விடவில்லை. சங்கம் அப்போதுதான் முளைத்திருந்தது. அல்சூர் ஏரிக்கரையில் கூட்டம் போட்டு, நெசவு ஷெட் முழுக்க வெளியே வந்துவிட்டது. கேட்டது இரண்டு விஷயம்: தியோடரை அவர் தறிக்கே திரும்ப எடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு தறிதான் இருக்க வேண்டும். அதுவரை ஒருத்தனும் தறியைத் தொடுவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். இவர் அந்தோணியார் மேல் சத்தியம் செய்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று கூட மனுஷன் அப்படிச் சிரிக்கவில்லை.

சத்தியத்தை முதலில் செய்தவன் ரங்கா. அல்சூர்க்காரன், இவருக்குப் பக்கத்துத் தறி. இவரை அண்ணா என்பான், என்னை அண்ணி என்பான், சொந்தத் தம்பி கூட அப்படி ஒட்டிக்கொள்ளமாட்டான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தன் தறிக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்துவிட்டு, எங்கள் தறிக்கும் அதே மாதிரி வைப்பான். "அண்ணா வேதக்காரர்னா தறியும் வேதத்துல சேர்ந்துடுச்சா? அது பாட்டுக்கு அது, அது நம்ம அம்மா" என்பான். சாயங்காலம் எங்கள் தறியின் பங்கு என்று பொரி, கடலை, ஒரு மூடித் தேங்காய் கொண்டுவந்து கொடுப்பான். இவர் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். நான் தொடமாட்டேன், மாதா கோயில் சாமியார் கூடாது என்றிருக்கிறார். அப்படியே பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மிக்குக் கொடுத்துவிடுவேன்.

வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் இழுத்தது. நான் காக்ஸ் டவுன் துரைசானிகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்து அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டேன். கஞ்சி தண்ணீரானது, தண்ணீர் வெந்நீரானது. ஆனாலும் ஒருத்தனும் உள்ளே போகவில்லை. தினமும் காலையில் மில்லில் சங்கு ஊதும். தெருவே காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்கும். துரை இறங்கி வரப்போகிறார் என்றுகூடப் பேச்சு வந்தது. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் போதும். அந்தச் சமயம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முன்னால் சேஷகிரி மேஸ்திரி எங்கள் தெருவுக்கே வந்தான். மேஸ்திரி என்றால் ஷெட்டில் ஆளைச் சேர்ப்பவனும் அவன், கழிப்பவனும் அவன். வாசனை எண்ணெய் தடவி, வெள்ளைக் கோட்டு போட்டு, சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி வந்து நின்றான்.

"வேலை நிறுத்தம் உங்களுக்கும் துரைக்கும் நடுவுல. தறி என்னப்பா பாவம் பண்ணுச்சு? ஒட்டடை புடிச்சுக் கெடக்குது, பாக்கவே வயித்தெரிச்சலா இருக்குது. துரையே சொல்லிட்டாரு, உள்ள வாங்க, பூஜை பண்ணுங்க, வெளிய போங்க. பொரி தேங்கா எல்லாம் மில்லு செலவு. ஒருத்தரும் வேலை செய்ய வேணாம்."

சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினான். குரலை ஏற்றினான். "வேதக்காரங்க சிலர் வேணாம்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு என்ன, சரஸ்வதியா லட்சுமியா? நம்ம வழக்கத்தை நாம விடலாமா?"

அயோக்கியன்! என் கையில் இடிக்கிற உலக்கை இருந்தது. எழுந்தேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

அவன் போன பிறகு பிடி பிடியென்று பிடித்தேன். "ஏங்க, இது கண்ணி. உள்ள கூட்டிப்போய்க் கேட்டைப் பூட்டப் போறான். ஒங்களுக்குப் புரியலையா?"

"புரியுது."

"அப்போ போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க பேச்சைத்தான் எல்லாரும் கேக்கறாங்களே!"

"நான் எப்படி ஜோசஃபின் சொல்றது?" என்றார். "ரங்கா சொல்லலாம். வேற எவனாவது சொல்லலாம். நான் வேணாம்னு வாயைத் தொறந்தா, கிறிஸ்தவன் பூஜையைத் தடுத்துட்டான்னு ராத்திரிக்குள்ள அல்சூர் பூரா பேசும். சங்கம் ரெண்டா ஒடையும். அந்தச் சேஷகிரிக்கு அதுதான் வேணும். நீயும் சொல்லாதே. நீ சொன்னாலும் நான் சொன்ன மாதிரிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஏரிக்கரைக் கூட்டத்தில் எல்லோரும் இவர் முகத்தையே பார்த்தார்களாம். ரங்கா எழுந்து, "அண்ணா, தறிக்குப் பூஜை போடாம விட்டா மனசு கேக்காது. போயிட்டு ஒடனே வந்துடறோம். நீங்க வேணாம்னா வேணாம்" என்று கேட்டானாம். இவர், "உங்க வழக்கம், உங்க இஷ்டம். நான் என்ன சொல்றதுக்கு இருக்குது" என்றாராம். இதை ரங்காவே வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். "அண்ணாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க அண்ணி!" நான் பாவாடைத் துணியைப் பல்லால் கடித்து நூலை அறுத்துக்கொண்டிருந்தேன். அறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆயுத பூஜையன்று அத்தனை பேரும் குளித்துப் பட்டை போட்டு, நாமம் போட்டுக் கிளம்பினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டு ஜெபமாலை உருட்டினேன். கேட் பூட்டப்படும், போலீஸ் வரும், என்னென்னவோ நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் கையில் பொரிப் பொட்டலமும் நெற்றியில் குங்குமமுமாக எல்லோரும் திரும்பிவிட்டார்கள். துரை ஷெட் பக்கமே வரவில்லையாம். ரங்கா வழக்கம்போல எங்கள் தறியின் பங்கைக் கொண்டுவந்தான்.

"ஒட்டடை எல்லாம் அடிச்சு, எண்ணெய் போட்டுத் தொடச்சேண்ணா. கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது" என்றான்.

இவர் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், "பெரிய பூ வெச்சியா?" என்று கேட்டார்.

"சாமந்திப்பூண்ணா. ரெண்டு மொழம்."

நான் கூடச் சிரித்துவிட்டேன். அனாவசியமாகப் பயந்தோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். போகிற போக்கில்தான் ரங்கா அதைச் சொன்னான். "நாளைக்கு விஜயதசமி. போயி ஆளுக்கு ஒரு சாண் நெய்ஞ்சுட்டு வந்துடறோம்ணா. பூஜை போட்ட தறியை தசமி அன்னிக்கு ஓட்டாம விட்டா வருஷம் பூரா முடங்கிப் போயிடும். அது வேலை இல்லைண்ணா, சாங்கியம். ஒரே ஒரு சாண்."

ஆயுத பூஜையை அனுமதித்தவர் விஜயதசமியை எந்த வாயால் வேண்டாம் என்பார்? நேற்றுச் சொல்லாததை இன்று சொன்னால் இன்னும் மோசம். அவன் போன பிறகு பொரிப் பொட்டலத்தை அப்படியே என்னிடம் நீட்டினார். நான் ராஜலக்ஷ்மி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

விஜயதசமியன்று காலை சங்கு ஊதியது. எல்லோரும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். இவர் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சாண் நெய்ய எவ்வளவு நேரம் ஆகும்? நான் உலை வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. சோறு வடித்தேன். நிற்கவில்லை. "என்னங்க, இன்னுமா ஒரு சாண்?" என்று கேட்டேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கேயும் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்தது.

இருட்டும் சமயத்தில் ரங்கா வந்தான். வெறுங்கையோடு வந்தான், நெற்றியில் இருந்த குங்குமம் வேர்வையில் மூக்குவரை ஒழுகியிருந்தது. உள்ளே வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் விக்கி விக்கிச் சொன்னதை நான் நேராகச் சொல்கிறேன்.

மற்ற எல்லோரும் தங்கள் தங்கள் தறியில் ஒரு சாண் நெய்து முடித்தார்கள். சாங்கியத்துக்கு மேல் ஒருத்தனும் ஒரு இழை ஓட்டவில்லை. அவர்கள் கிளம்பும்போது, தன் சாணில் இன்னும் நாலு விரல் பாக்கி இருக்க, இவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். எங்கள் தறி மட்டும் பூவும் பொட்டுமாக, ஓடாமல் நின்றிருக்கிறது.

"பூஜை போட்டது நான்தானேண்ணா. தசமி அன்னிக்கு அதை மட்டும் எப்படிண்ணா முடக்கிப் போடறது? நீங்க திரும்பி வரணும்னா அது ஓடணும் இல்லையா? அதுக்காக… உங்களுக்காகத்தாண்ணா… என் தறியை நிறுத்தாம, உங்க தறியையும் ஓட்டி விட்டேன். ஒரு சாண்தாண்ணா."

அப்போதுதான் துரை ஷெட்டுக்குள் வந்திருக்கிறார். கூடவே சேஷகிரி. இரண்டு தறிக்கும் நடுவில் இவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். பிறகு இவன் தோளில் தட்டிக்கொடுத்து, "குட் மேன்!" என்றிருக்கிறார். சேஷகிரி எல்லோர் காதிலும் விழும்படி கத்தியிருக்கிறான்: "பாத்தீங்களாப்பா? ஒரு ஆளு, ரெண்டு தறி! முடியாது முடியாதுன்னீங்களே, உங்க ரங்கா ஓட்டறான் பாருங்க. இதே மாதிரி ஓட்டறவன் இருக்கலாம். மத்தவன் போலாம். கேட் தொறந்துதான் இருக்குது, போறவன் திரும்ப வர வேணாம்."

ஒரு ஆள் இரண்டு தறி என்றால் பாதி ஆள் போதும். அந்தக் கணக்கு அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்திருக்கிறது. முதலில் வெளியே போகிறவன்தான் அந்த வேண்டாத பாதி. ஒருத்தன் சட்டென்று பக்கத்துத் தறியைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்து இன்னொருத்தன். அப்புறம் தள்ளுமுள்ளு. கற்பூரம் அணைத்த கைகளெல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளியிருக்கின்றன. தறி கிடைக்காதவர்கள் அழுதுகொண்டே கேட்டைத் தாண்டினார்கள். கேட்டை யாரும் பூட்டவே இல்லை.

"நானும் வந்துடலாம்னுதாண்ணா பாத்தேன். நான் கைய எடுத்தா உங்க தறியைப் புடிக்க, தறி கெடைக்காம நம்ம ஷெட்டு ஆம்ப்ரோஸ் நிக்கறான். எப்படிண்ணா எடுப்பேன்? எடுக்கவே முடியலண்ணா."

அவனைக் கிழித்துத் தோரணம் கட்டலாம் என்றுதான் நான் எழுந்து வந்தேன். யாரைத் திட்டுவது? பூ வைத்ததற்குத் திட்டுவதா? எங்கள் தறி முடங்கக் கூடாது என்று நினைத்ததற்குத் திட்டுவதா? கடவுளே, இப்படி ஒரு பாவியைத் திட்டக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டாயே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

இவர் வாசற்படிக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஓடுச்சா?" என்று கேட்டார்.

"ஓடுச்சுண்ணா. ஒரு இழை அறுக்கல."

"நூலோட ஓடற நாடாக்கட்டை இடது பக்கம் வந்து மோதறப்ப கொஞ்சம் ஒதைக்கும். அங்க இருக்கற தோலை மாத்தச் சொல்லு. இல்லன்னா நாடா தெறிச்சு உன் கண்ணுல அடிக்கும்."

"நான் நாளைக்குப் போகலண்ணா. சத்தியமாப் போகல."

"போகலன்னா ஆம்ப்ரோஸ் போவான். அவனுக்கு அந்தத் தோல் விஷயம் தெரியாது." இவர் அவன் நெற்றியில் ஒழுகியிருந்த குங்குமத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். "நீயே போ."

மறுநாள் சங்கு ஊதியது. இவர் பழக்கத்தில் எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டார். நான் வாசலில் போய் நின்றேன். மில்லுக்குப் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பழைய கூட்டத்தில் பாதிதான் இருந்தது. ரங்கா கடைசியாக வந்தான். எங்கள் வாசலைத் தாண்டும்போது நின்றான், என் முகத்தைப் பார்த்தான், ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தான். ஏசினால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். உள்ளே இவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.