காருக்கு அடியில்

அழைப்பிதழ் வந்த அன்று எனக்கு மணிக்கட்டில் வலி. பத்து நாளாகக் கலர் பென்சிலால் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வலிக்கும். பதினோராவது காருக்கு நிழல் போட்டு முடித்துவிட்டு, கையை வெந்நீரில் விட்டபடி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வந்து அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈரக் கையில் கொடுத்தால் கெட்டுவிடும் என்று அவரே பிடித்துக்கொண்டார். அவ்வளவு மரியாதை அந்த அட்டைக்கு.

மேலே அவர் பெயர், தங்க எழுத்தில். அதற்குக் கீழே ஒரு வரி: 'பன்னிரண்டு பழைய கார்கள், பன்னிரண்டு வகை ஓவியங்கள், ஒரே கை.'

நான் வெந்நீருக்குள் கிடந்த என் கையைப் பார்த்தேன்.

என் கணவர் கார் வரைகிறவர். புதுக் கார் இல்லை. நீண்ட மூக்கும், உருண்டை விளக்கும், ஏறுவதற்குப் படியும் வைத்த அந்தக் காலத்துக் கார்கள். மட்கார்டின் வளைவை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார். பம்பரில் வானமும் மரமும் கோணிக்கொண்டு தெரிவதை அவர் வரைந்தால், அதைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர் வரைந்த கார் தரையில் நிற்காது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் நிற்காது. நாலு சக்கரமும் இரண்டு விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கல்யாணமான புதிதில், ஒரு பல் டாக்டருக்காக வரைந்த காரைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லாருக்கு, எப்ப கிளம்பும்? எந்த ஏர்போர்ட்?" என்றேன். மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அப்ப நீயே இறக்கி வை" என்று பென்சிலை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் இறக்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். கார் அவருடையது, நிழல் என்னுடையது, கையெழுத்து அவருடையது.

நிழல்தானே, கறுப்பைப் பூசினால் ஆயிற்று என்கிறவர்கள் பூசிப் பார்க்கட்டும். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் முழு இருட்டு. அங்கிருந்து விலக விலக வெளுக்கும். சிவப்புக் காராக இருந்தால் ஓரத்தில் கொஞ்சம் சிவப்புக் கசியும். டயர் அடியில் லேசாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் உள்ளே எஞ்சின் இல்லை என்று அர்த்தம்.

இந்தப் பன்னிரண்டு படத்தைக் கேட்டவர் பன்னிரண்டு பழைய கார்களை ஒரு பெரிய ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும் பணக்காரர். குரல் அப்படி என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு ஹாரன் என்று பெயர். "எல்லாம் ஒரே மாதிரி வரைஞ்சா அது காலண்டர் சார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு சாமான்ல போடுங்க" என்று சொல்லிவிட்டார். என் கணவருக்குத் தலை கால் புரியவில்லை. எனக்கு, பன்னிரண்டு வகை இருட்டு வந்து சேர்ந்தது.

பென்சிலை அழுத்தினால் கறுப்பதற்குப் பதில் மினுங்கும். கரித்துண்டு சொன்ன பேச்சுக் கேட்கும், ஆனால் இவருடைய சட்டைக் கை பட்டால் கார் பக்கத்து வீட்டுக்கே போய்விடும். பால்பாயிண்ட் பேனாவில் ஒரு கோடு தப்பினாலும் தப்பினதுதான். பாஸ்டல் தூள் மூக்கில் ஏறி மூன்று நாள் தும்மினேன். ஆயில் பெயிண்ட் காய்வேனா என்று அடம் பிடித்தது. ஒரு மாதம் டர்பன்டைன் வாசனையோடுதான் சாப்பிட்டோம். நடுவில் நான் அலுவலகமும் போக வேண்டும், துணியும் துவைக்க வேண்டும். ஷெட்டுக்குப் போய் அவர் காரின் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தேன். அங்கே வேலை செய்யும் மெக்கானிக் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, "இதுமேல படுங்கம்மா, ஆயில் கறை லேசுல போகாது" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த 'ஒரே கை'.

"இந்த ஒரே கை யாரோடது?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு அழகுக்குப் போட்டது."

"உங்ககிட்ட காட்டாமலா அச்சடிச்சாங்க?"

"ஹாரன் காட்டினாரு. ஆசையா எழுதியிருந்தாரு, எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"ரெண்டு கைன்னு சொல்லியிருக்கலாமே. எனக்கு என் பேரு வேணுங்க. பெரிசா வேண்டாம், ஓரத்துல போதும்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்ட பிறகுதான், எத்தனை நாளாக வேண்டியிருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ என்ன வரைஞ்சேன்னு கேப்பாங்க. நிழல்னு சொன்னா சிரிப்பாங்கடி."

யார் சிரித்தாலும் பரவாயில்லை. இவர் வாயில் அது வந்ததுதான் சுட்டது. கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டேன். "அப்ப சரி. பன்னிரண்டாவதையும் அந்த ஒரே கையே முடிக்கட்டும்" என்றேன்.

பன்னிரண்டாவது, வாட்டர் கலர். வான நீலத்தில், முதுகு உருண்ட இரண்டு கதவுக் கார். வாட்டர் கலரில் நிழல் என்பது ஒரே வாய்ப்பு. ஈரம் இருக்கும்போதே விட வேண்டும், விட்ட பிறகு தொடக் கூடாது. இவர் தொடுவார். தொட்டுக்கொண்டே இருப்பார். முதல் தாளில் நிழல் சேறாகிவிட்டது. இரண்டாவதில் பூனை படுத்திருந்தது போல இருந்தது. மூன்றாவதில் தாளே பிய்ந்துவிட்டது. தாள் மட்டம் என்றார், பிரஷ் மட்டம் என்றார், கடைசியில் தண்ணீரே சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் துணி மடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். எழுந்து போய் பிரஷைப் பிடுங்கி, இரண்டு நிமிஷத்தில் அந்தக் காரைத் தரையில் நிறுத்திவிட்டுப் படுத்துத் தூங்க மாட்டோமா என்றுதான் இருந்தது. கை அரித்தது. போகவில்லை.

எட்டாவது தாளில் காரை மட்டும் வரைந்து, அடியில் ஒன்றும் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். "நாளைக்குக் காலையில படம் போகணும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கண்காட்சி அன்று ஷெட்டை அடையாளமே தெரியவில்லை. உறைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காருக்கும் பின்னால் சுவரில் அதன் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கையில் குளிர்பானத்தோடு காரைப் பார்த்தார்கள், பிறகு படத்தைப் பார்த்தார்கள். நான் ஆயில் பெயிண்ட் காருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். செருப்புக்குள் கால் வீங்கியிருந்தது.

பன்னிரண்டாவது படத்துக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஹாரனின் குரல் ஷெட்டின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"பாருங்க, இது ஒண்ணுதான் வேற மாதிரி இருக்கு! மத்ததெல்லாம் நிக்குது, இது பறக்குது! எப்படி சார் தோணிச்சு உங்களுக்கு?"

என் கணவர் வேட்டைக்குப் போய்ப் புலியோடு திரும்பியவர் போல நின்றார். "ஒரு புது முயற்சி சார். கனத்தையெல்லாம் எடுத்துட்டுப் பார்த்தா எப்படி இருக்கும்னு..."

கனத்தை எடுத்தாராம். ஏழு தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டதை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை பேர் நடுவில் அழ வெட்கமாக இருந்ததால், கீழே குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"அப்ப ஒண்ணு செய்யலாம் சார்" என்றார் ஹாரன். "மத்த பதினொண்ணுலயும் அடியில இருக்கிற அந்தக் கறுப்பை எடுத்துடுங்க. எல்லாம் இதே மாதிரி பறக்கட்டும். ஒரே செட்டா இருக்கும்."

கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். என் கணவர் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது.

"எடுக்கிறது கஷ்டம் சார். மை, பால்பாயிண்ட் எல்லாம் அழியாது."

"அழியாட்டி புதுசா வரைஞ்சுடுங்க. போட்ட கைக்கு எடுக்கத் தெரியாதா?"

கையில் துணியோடு ஓரமாக நின்ற மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டார். அவருக்கு வம்பு ஒன்றும் தெரியாது. கார் மட்டும்தான் தெரியும். மை ஓவியத்தைக் காட்டிச் சொன்னார்: "எடுக்காதீங்க முதலாளி. தினம் வண்டிக்குக் கீழ படுக்கிறவன் சொல்றேன், இருட்டு அங்க அப்படியேதான் இருக்கும். அந்த நீலத்தைப் பாருங்க, ஜாக்கில ஏத்திட்டு ஜாக்கை உருவிட்ட மாதிரி இருக்கு." பிறகு என்னைத் தேடித் திரும்பினார். "இந்தம்மாதானே அன்னிக்குப் பன்னிரண்டு வண்டிக்கும் தரையில படுத்துப் பாத்தாங்க? நீங்க போட்டதாம்மா இது?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் வாயில் வருகிறதா என்று பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஆமா. நிழல் அவ போட்டது" என்றார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனின் குரல் அது.

யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இவர் பயந்த சிரிப்பு வரவே இல்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஹாரனுக்குத்தான் பெரிய சிக்கல் தீர்ந்த மகிழ்ச்சி.

"நல்லதாப் போச்சு! அப்ப அம்மாவே எடுத்துடட்டும்!"

என்னுடையது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அதை அழிக்கச் சொல்கிறார்கள். எழுந்து நின்றேன். முட்டி சத்தம் போட்டது.

"நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

ஹாரன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரில் பல்லி கத்தினால் எவ்வளவு கவனிப்பாரோ அவ்வளவுதான் கவனித்தார். என் கணவர் தோளில் கை போட்டார். "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார். வீட்டுல நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "சொல்றேன் சார்" என்பார். வாழ்நாள் முழுக்க வேலை கொடுத்தவர்களிடம் இவர் சொன்ன பதில் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து, "அவரு ஆசைப்படுறாரு, என்ன பண்றது?" என்பார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் மை ஓவியத்தின் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, சக்கரத்தின் அடியைப் பார்த்தார். தான் வரைந்த பம்பரைப் பார்க்கவில்லை. ஹாரன் காத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவதான் சொல்லிட்டாளே சார்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"மாட்டேன்னு."

மறுபடி தோளில் போட நீட்டிய ஹாரனின் கை இறங்கியது. அதற்குப் பிறகு அவர் சத்தமாகப் பேசவே இல்லை. சத்தம் இல்லாத அவர் குரல் கேட்க நன்றாக இல்லை. அந்த நீலக் கார் ஒன்று போதும், மற்றதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டார். மெக்கானிக்தான் பதினோரு படத்தையும் சுவரிலிருந்து இறக்கி, பழைய போர்வையில் சுற்றி, வேனில் ஏற்றிக் கொடுத்தார். தெரியாமல் சொல்லிவிட்டேனா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

வேன்காரர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு மூன்றாவது மாடி. கண்ணாடிச் சட்டத்தோடு ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கனம். ஐந்தை ஏற்றி முடித்து ஆறாவதைத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். பின்னால் வந்தவரும் தன் படத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அலுப்பாகத்தான் இருந்தது. கேட்காமலே கிடைத்திருக்க வேண்டியதை இவ்வளவு மாடி ஏறி வாங்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

"சட்டத்தையெல்லாம் கழட்டணும்" என்றார்.

"எதுக்கு?"

"உன் பேரு போடணும்ல. எங்க போடுவ? ஓரத்துல என் பேரு இருக்கு."

"நிழல்லதான் போடுவேன். அதுதானே என் இடம்."

அவர் சாய்த்து வைத்திருந்த படத்தை யோசனையோடு பார்த்தார். "அவ்ளோ இருட்டுல போட்டா கண்ணுக்கே தெரியாதேம்மா."

நான் கைப்பிடியைப் பிடித்து எழுந்தேன். இன்னும் ஒரு மாடி இருந்தது.

"வெள்ளையில போடுறேன்" என்றேன்.