பதினொன்றைக் காணோம்

மூன்று வருஷப் பதிவேட்டில் பத்து என்ற எண் நூற்று எழுபத்தொரு இடத்தில் இருந்தது. பதினொன்று ஆறே ஆறு இடத்தில். பதினான்கு மறுபடி முப்பத்தெட்டு இடத்தில். நடுவில் யாரோ வழித்துத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு பள்ளம். அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. அண்ணி அந்தக் கேள்வியோடு நாலு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் அவளுக்கு அண்ணி என்றே பேர் ஆகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் அவளுடைய கொழுந்தன் அங்கே வேலைக்குச் சேர்ந்து, வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட, வண்டியோட்டி முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அது தொற்றிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த கணக்குப்பிள்ளைகூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

வேலை இதுதான். பாய்லர் மேலும் காற்றுத் தொட்டி மேலும் கடிகாரம் போல வட்டமாக ஒன்று இருக்கும், ஒற்றை முள்ளோடு. கேஜ் என்பார்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று அது காட்டும். நாள்பட நாள்பட முள் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டத் தொடங்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி இந்தப் பட்டறைக்கு அனுப்புவார்கள். இங்கே எண்ணெய் நிரம்பிய ஒரு கருவி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சிறிய தண்டு, தண்டின் தலையில் தட்டு, தட்டில் எடைக்கற்கள். இன்னொரு பக்கத்தில் கேஜை மாட்டி, கைப்பிடியைத் திருகினால் எண்ணெய் அழுந்தும்; ஒரு கட்டத்தில் தட்டு எடையோடு மேலெழுந்து மிதக்கும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதை விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிட வேண்டும். மிதக்கும் தட்டு பொய் சொல்லாது. இவ்வளவு எடை என்றால் இவ்வளவு அழுத்தம், அவ்வளவுதான். அப்போது கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, வித்தியாசத்தை எழுத வேண்டும்.

முள் பெரும்பாலும் இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் நிற்கும். அந்த இடைவெளியைக் கண்ணாலேயே பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் பத்துப் பங்கு வரை இருந்தால் கேஜ் தேறிவிடும், ஈய முத்திரை குத்தலாம். பதினொன்று என்றால் தேறாது. முகத்தைக் கழற்றி, பல்சக்கரத்தைச் சரிசெய்து, மறுபடி மாட்டி, முதலிலிருந்து பார்க்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை.

உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஆய்வாளர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் கடிதம் வந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று மலைபோல ஏறிவரும் எண்கள் பதினொன்றில் திடீரென்று காணாமல் போவதற்கு விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் முத்திரை குத்தும் உரிமையை ரத்து செய்வோம். அடுத்த வெள்ளிக்கிழமை வரை கெடு.

அண்ணி முதலில் விளக்கை மாற்றிப் பார்த்தாள். பிறகு தண்டைக் கழற்றித் துடைத்து, எண்ணெயை மாற்றினாள். எடைக்கற்களை வேறொரு தராசில் நிறுத்தாள். எல்லாம் சரியாக இருந்தன. சனிக்கிழமை கைகழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதெல்லாம் வீண் வேலை. விளக்கில் கோளாறு என்றால் எல்லா எண்ணும் ஒருசேர நகரும். குறிப்பாகப் பதினொன்று மட்டும் மறையாது. கேஜுக்கு எல்லை எது என்று தெரியாது. எண்ணெய்க்கும் தெரியாது. தேறுவதற்கும் தேறாததற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் கொழுந்தன்.

அது தெரிந்ததும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொழுந்தன் ஏற்கெனவே இரண்டு வேலையைத் தொலைத்தவன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முள் பார்ப்பான். ஆலயத்துக்கு யாருக்காவது கல்யாணம் என்றால்தான் வருவான், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு. முதலாளிக்கும் அதே எண்ணம்தான் போலிருந்தது. ஒரு பேரை எழுதிக் கொடுத்தால் ஆளை நிறுத்திவிட்டோம் என்று பதில் போட்டுவிடலாம், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கொழுந்தனின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவன் பேரை எழுதினால் வீட்டில் என்ன நடக்கும் என்று அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உண்மை உண்மைதானே என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு. போதகர் புதியவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று வாரமாக ஜென்ம பாவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் என்பது மனிதன் அவ்வப்போது செய்துவிடும் தப்புகளின் பட்டியல் அல்ல, தப்பு நடப்பதற்கு முன்பே அவனுக்குள் இருக்கிற ஒரு கோணல் என்றார். ஆதாமிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது அது. நல்லவன் கெட்டவன் என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. நல்ல காரியம் செய்கிற கையிலும் அது இருக்கும்.

அண்ணிக்கு அது ஒப்பவில்லை. அவள் ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முந்தின நாள் உட்கார்ந்து வாரத்துப் பாவங்களை நினைத்துப் பார்க்கிறவள். மகளை வைதது, பக்கத்து வீட்டாரைப் பற்றிப் புறம் பேசியது என்று தேடித் துழாவினாலும் நாலைந்துக்கு மேல் போகாது. யாரோ சாப்பிட்ட பழத்துக்கு நேற்றுப் பிறந்த குழந்தை எப்படிப் பொறுப்பாகும் என்று எழுந்து கேட்டாள். போதகர் அவசரப்படாமல், குழந்தையை விடுங்கள், நாம் நம்மையே பார்க்கலாம் என்றார். தான் பிரசங்கம் எழுதும்போது கண்டிப்பதற்கு எந்தப் பாவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அது தற்செயலாக அடுத்தவர் பாவமாகவே அமைந்துவிடுகிறது என்றார். வகுப்பு சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், கொழுந்தனை நினைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை பதிவேடுகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பார்த்தவரின் கையெழுத்து இருக்கும். அவன் பக்கங்களை ஒரு அடுக்காகவும் தன் பக்கங்களை இன்னொரு அடுக்காகவும் பிரித்து, எண்ணத் தொடங்கினாள். பள்ளம் அவன் அடுக்கில்தான் இருக்கும், அதைக் காட்டி எழுதிவிடலாம் என்பது திட்டம்.

அவன் அடுக்கில் பள்ளம் இருந்தது. ஆனால் பதினொன்று ஆறு தடவை இருந்தது. மொத்தத்தில் இருந்த ஆறும் அவனுடையதுதான். அவள் அடுக்கில் ஒன்றுகூட இல்லை.

மறுபடி எண்ணினாள். பன்னிரண்டும் இல்லை.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாவது தடவை எண்ணினாள். யாரிடமும் அவள் ஒரு பைசா வாங்கியதில்லை. எந்தக் கேஜ் யாருடையது என்றுகூடப் பார்த்ததில்லை. வேண்டுமென்று ஒரு எண்ணையும் மாற்றி எழுதியதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினாள். கண்ணுக்குத்தான் பதினொன்று தெரியவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபம் பண்ணிவிட்டு வேலையைத் தொடங்கினாள். இன்றைக்கு இம்மி பிசகாமல் பார்ப்பது என்று முடிவு. முப்பது கேஜ் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் இருமடங்கு நேரம் எடுத்துக்கொண்டு. பன்னிரண்டு தேறவில்லை. வழக்கமாக முப்பதில் மூன்றோ நாலோதான் தேறாமல் போகும். மாலையில் கொழுந்தன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, தாடையைச் சொறிந்தான்.

"நேத்து வரைக்கும் பதினொண்ணக் காணோம். இன்னிக்குப் பத்தக் காணோம், அண்ணி."

அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பத்து இல்லை. ஒன்பதும் ஒன்றே ஒன்று. பதினொன்றும் பன்னிரண்டும் கொட்டிக் கிடந்தன. தேறாத பன்னிரண்டையும் அவன் கருவியில் மறுபடி மாட்டி, முள்ளுக்குப் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை நிறுத்தி, தன் கண் நேராக இருக்கிறதா என்று அதில் சரிபார்த்துக்கொண்டே முள்ளைப் பார்த்தான். ஏழு நன்றாகவே இருந்தன.

கோணல் போகவில்லை. பக்கம் மாறியிருந்தது.

"நீங்க தலையச் சாய்க்கிறீங்க," என்றான் கொழுந்தன். "எப்பவும் சாய்ப்பீங்க. முள்ளு கூடக் காட்டுனா வலது பக்கம், கொறச்சுக் காட்டுனா இடது பக்கம். இன்னிக்கு அப்படியே தலைகீழா."

இதில் மாயம் ஒன்றும் இல்லை. முள் கேஜின் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்காது, ஒரு நெல்மணி அளவு முன்னால் தள்ளி நிற்கும். அதனால் நேர் எதிரே இருந்து பார்த்தால் ஒரு இடத்தில் தெரியும். தலையை வலப்பக்கம் கொண்டுபோனால் முள் இடப்பக்கம் நகர்ந்தது போலத் தெரியும். கண்ணுக்கு முன் ஒரு விரலை நீட்டிக்கொண்டு, தலையை ஆட்டிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், பதினொன்று பத்தாகிவிடும்.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அண்ணி கேட்டாள். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

"அதுதான் முறைன்னு நெனச்சேன். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? உங்களப் பாத்துத்தான் நானும் சாய்ச்சேன். உங்க அளவுக்கு நமக்கு வரல." கிண்டலாகச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உள்ளபடியேதான் சொன்னான்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் தலையைச் சாய்ப்பார். அது அவளுக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. கழுத்துப் பிடிப்பு என்று நினைத்திருந்தாள்.

அன்று மாலையே போதகருக்குப் போன் செய்தாள். பட்டறைக் கதை முழுவதையும் சொல்லி, நல்லபடியாகச் செய்ய வேண்டும் என்று மனதார முயன்றும் கோணல் மறுபக்கம் போனது ஏன் என்று கேட்டாள்.

"முயற்சி பண்றதும் அதே கண்ணுதானேக்கா," என்றார் போதகர். "உள்ளயிருந்து அதை நிமித்த முடியாது. உதவி வெளியிலருந்துதான் வரணும்."

அவர் சொன்னது கிறிஸ்துவின் கிருபையைப் பற்றி. அதற்கு ஆதாரமாக இரண்டு மூன்று வசனங்களும் சொன்னார். அண்ணி அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். மூன்று வாரமாக நெஞ்சில் சிக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் இறங்கியது. இனி ஒழுங்காகப் பார்ப்பேன் என்று தனக்குத்தானே கொடுக்கிற வாக்கை நம்பக் கூடாது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

புதன்கிழமை முழுவதும் அவளும் கொழுந்தனும் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை புது முறையில் நாற்பது கேஜ் பார்த்தார்கள். ஒன்பது ஆறு, பத்து ஐந்து, பதினொன்று நாலு, பன்னிரண்டு மூன்று. மேடு பள்ளம் இல்லாமல் சீராக இறங்கியது.

அதன்பின் கடிதத்துக்குப் பதில் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், இரண்டு சோதனையாளர்களும், அதிலும் முதலாமவர் அதிகம் என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள். முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். தன் பேரைத் தானே எழுதிக் கொடுக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. வேண்டுமென்று செய்தீர்களா என்று கேட்டார்.

"இல்லைங்க. வேணும்னு செஞ்சிருந்தா நானே நிறுத்தியிருக்கலாம்."

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். பதிலை நின்றபடியே படித்தார். யாரை நீக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. முறையைச் செய்து காட்டச் சொன்னார். பத்துக் கேஜ் பார்த்து முடித்ததும், மூன்று வருஷமாக முத்திரை வாங்கிப்போன கேஜுகளில் ஒன்பதும் பத்துமாகத் தேறியவற்றைத் திருப்பி வரவழைத்து இதே முறையில் பார்க்க வேண்டும் என்று எழுதினார். முன்னூறுக்கு மேல் வரும். அந்த நிபந்தனையோடு உரிமம் தொடரும் என்று கையெழுத்திட்டார். முறையைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி எழுதி ஒட்டினாள். இப்படி:

எடை வைப்பவரும் முள் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இருவருக்கும் நடுவில் அட்டைத் தடுப்பு இருக்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியக் கூடாது. எடை வைப்பவர் முழு எண்ணாக வைக்காமல், சில்லறைக் கற்களைச் சேர்த்து ஏதாவது ஒரு எடை வைத்து, அதைத் தன் தாளில் எழுதிக் கவிழ்த்துவிட வேண்டும். முள் பார்ப்பவர் எடை எவ்வளவு என்று தெரியாமல், முள் நிற்கும் இடத்தை மட்டும் தன் தாளில் எழுத வேண்டும். எழுதியதைத் திருத்தக் கூடாது. பத்துக் கேஜ் முடிந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இரண்டு தாள்களையும் அலுவலக அறைக்குக் கொடுக்க வேண்டும். கழித்துப் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் கணக்குப்பிள்ளை.