தள்ளுவண்டி கடக்கும்வரை

காலை ஆறு மணியிலிருந்து சுரேஷ்பாபு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, திரையில் திருப்பதி பஸ் நிலையச் சந்திப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரட்டாசிச் சனிக்கிழமை. நகரி, புத்தூர் வழியாக மஞ்சள் வேட்டிக் கூட்டங்கள் நடந்து வந்துகொண்டிருந்தன.

பச்சை விளக்கைப் பிடித்து நிறுத்தும் பொத்தானின் எழுத்து அவன் விரல் பட்டே அழிந்திருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் கொடிக்காரர், கடைசியில் பாத்திரங்கள் ஏற்றிய தள்ளுவண்டி. இடையில் சிவப்பு விழுந்தால், முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காக நடுரோட்டிலேயே நின்றுவிடுவார்கள். வண்டி கடக்கும்வரை பச்சையைப் பிடிக்க வேண்டும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

போன வருடம், நீல டிரம் வைத்த வண்டி ஒன்று பாதியில் தடுமாறியது. கம்பத்து ஒலிபெருக்கியில், "மெதுவா வாங்க, நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்று சொன்னான். வண்டிக்காரர் கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கினார். அதற்கப்புறம் அந்தச் சந்திப்பைக் கடக்கும்போதெல்லாம் தூக்கினார்.

இன்று பொத்தானுக்கு வேலை இல்லை. யோகேஷ் கொண்டுவந்த மென்பொருள் விளக்குகளை மாற்றிக்கொண்டிருந்தது. இது சரியாக ஓடினால் அவனையும் சேர்த்து ஆபரேட்டர்கள் நான்கு பேருக்கும் மாதக்கடைசியோடு வேலை முடிகிறது என்று மேற்பார்வையாளர் சிட்டிபாபு சொல்லியிருந்தார்.

யோகேஷும் நகரிக்காரன்தான். புத்தூர் கல்லூரியில் சுரேஷ்பாபு எழுதிய புரோகிராமைப் பார்த்துத்தான் லேப் பரீட்சையில் தேறினான். மூன்றாம் வருடம் தன் நைனா நோயில் படுத்ததும் சுரேஷ்பாபு படிப்பை விட்டுத் தறிக்குப் போனான். யோகேஷ் பட்டம் வாங்கி பெங்களூருக்குப் போனான். இப்போது அவனுக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் நீலப் பட்டையும் பீங்கான் கோப்பையில் காபியும். மற்றவர்களுக்குக் காகிதக் கப். அவன் இன்னமும் இரண்டு விரலால்தான் தட்டச்சு செய்தான். அதை சுரேஷ்பாபு காலை முழுக்கப் பார்த்தான்.

"அதிகாரிங்க வந்தா சார்னு கூப்புடுடா. தப்பா எடுத்துக்காத" என்றான் யோகேஷ்.

"சரி சார்."

"இப்பவே இன்னாத்துக்குடா?"

"பழகிக்கினு இருக்கேன்."

போன வாரம் யோகேஷ் கேட்டிருந்தான். "நடந்து வர்ற கூட்டத்துக்கு எதுனா தனியா பண்ணுவியா?"

"ஒண்ணும் இல்ல. அதுங்க பாட்டுக்குப் போய்டும்" என்று சொல்லியிருந்தான் சுரேஷ்பாபு.

பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து பின்னால் நின்றார்கள். ஒரு கொடி சந்திப்புக்குள் நுழைந்தது. இருபத்திரண்டு நொடியில் மென்பொருள் சிவப்பைப் போட்டது. கொடிக்காரர் திரும்பி நின்றார். பாதிக் கூட்டம் நடுரோட்டில் நின்றது. குறுக்குச் சாலையில் பச்சை விழுந்து ஒரு பஸ் பாய்ந்து வந்து, தோளில் குழந்தை வைத்திருந்த பெண்ணுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

நிற்கட்டும் என்றுதான் சுரேஷ்பாபு நினைத்தான். எல்லோரும் பார்க்கட்டும். பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு லாரி நகர்ந்து வந்தது. அவன் விரல் பொத்தானை அழுத்திவிட்டது; கூட்டத்துக்கு மறுபடி பச்சை விழுந்தது. தள்ளுவண்டி கடந்த பிறகே எடுத்தான்.

யோகேஷ் அவன் காதருகே குனிந்தான்.

"எதுவரைக்கும் புடிச்ச?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தக் குழந்தையின் கால் பஸ் முகப்புக்கு நேராகத் தொங்கியது இன்னும் கண்ணிலேயே இருந்தது.

"தள்ளுவண்டி வரைக்கும். கொடி வந்தா ஆரம்பம், வண்டி போனா முடிஞ்சது."

யோகேஷ் இரண்டு விரலால் தட்டினான். பத்து நிமிடம் ஆனது. பிறகு அதிகாரிகளிடம் ஆங்கிலத்தில் பேசினான். அவர்கள் தலையாட்டினார்கள். யோகேஷ் சாருக்கு நாற்காலி போடச்சொல்லி சிட்டிபாபு தெலுங்கில் சொன்னார். அறையில் வேறு நாற்காலி இல்லை. சுரேஷ்பாபு எழுந்து சுவரோரம் நின்றான்.

அடுத்த கொடி வந்தது. பச்சை அப்படியே நின்றது. கூட்டம் முழுவதும் கடந்தது. கடைசியாக நீல டிரம் வைத்த வண்டி வந்தது. வண்டிக்காரர் நடுச்சந்தியில் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"பாருங்க, நமக்குக் கை காட்டறாரு" என்றான் யோகேஷ். அதிகாரிகள் சிரித்தார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி அவனும் திரையைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.