பாதரசம் எடுக்கும் அறை

காலையிலிருந்து இது மூன்றாவது வாய். யெசேனியா உறிஞ்சுகுழாயைக் கன்னத்தின் உட்புறமாக ஒதுக்கிப் பிடித்திருந்தாள். எல்லைக்கு அப்பாலிருந்து பழைய அடைப்புகளை எடுக்க வந்து நாற்காலியில் சாய்ந்திருந்த மார்சிக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய், கண்ணுக்குக் கண்ணாடி, கழுத்துவரை பச்சைத் துணி, வாய்மேல் வேலை நடக்கும் பல்லை மட்டும் வெளியே விடும் ரப்பர் விரிப்பு. டாக்டர் உர்கீதெஸின் முகத்தில் இருபுறமும் வடிகட்டி பொருத்திய கறுப்பு முகமூடி. யெசேனியாவின் முகத்தில் இருந்தது காகித முகமூடி. டிரில் பட்டதும், பாதரசம் கலந்த பழைய வெள்ளி அடைப்பு சாம்பல் பொடியாகச் சிதறியது. யெசேனியா மேடிட்ட தன் வயிற்றை நாற்காலியின் விளிம்பிலிருந்து சற்று விலக்கிக்கொண்டாள்.

போன வாரம்தான் டாக்டரிடம் இன்னொரு கறுப்பு முகமூடி கேட்டிருந்தாள். தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரி லேடி டாக்டர் சொல்லி அனுப்பியது அது. "அம்மா வாயில இருக்கற அடைப்பால புள்ளைக்கு ஆட்டிசம் வரும்னு யாரும் நிரூபிச்சதில்ல, அத விடு. ஆனா தினமும் அந்தப் பாதரச ஆவியிலயே நிக்கறவ நீ. வெறும் காகிதத்தக் கட்டிக்கிட்டு நிக்காதே."

உர்கீதெஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அட போம்மா. எங்க அம்மா வாய் முழுக்க வெள்ளி அடைப்புதான். நான் என்ன பேசாமலா இருக்கேன்?"

கருவிகளைக் கழுவும் அறையில் இதைச் சொன்னபோது, சாயோ கொதிநீர் ஆவிக்கு நடுவே தலையை நிமிர்த்தினாள். "அந்த ஆள் பேசாம பொறந்திருந்தா நம்ம காதாவது பொழச்சிருக்கும்டி."

யெசேனியா அதற்குமேல் டாக்டரிடம் முகமூடி கேட்கவில்லை. அவள் புருஷன் எல்லைக்கு அப்பால் கீரைத் தோட்டத்தில் தினக்கூலி. பிரசவத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பது இவளுடைய வேலைக் காப்பீட்டில்தான்.

முதல் பல் முடிந்து ரப்பர் விரிப்பை எடுத்ததும் மார்சி வாய் கொப்பளித்தாள். டாக்டருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் ஓடும். பேச்சு நீண்டால் ஸ்பானிஷில் மாற்றிச் சொல்வது யெசேனியாவின் வேலை.

"என் பையன் வயித்துல இருந்தப்ப இதெல்லாம் என் வாயிலதான் இருந்துது," என்றாள் மார்சி. "ஆறு வயசாச்சு. இன்னும் என்னை அம்மான்னு கூப்பிடல. நான்தானே அவனுக்கு இத ஊட்டினேன்?"

யெசேனியா மாற்றிச் சொன்னாள். உர்கீதெஸ் வருத்தமாகத் தலையசைத்து, தன் முகமூடியைத் தட்டிக் காட்டினார். "நான் எப்படி மூடிட்டு நிக்கறேன் பாருங்கன்னு சொல்லு. அதுலயே புரியும்."

மார்சி அவரைப் பார்த்தாள். பிறகு யெசேனியாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"உனக்கு எத்தனை மாசம்மா?"

"அஞ்சு."

"அப்போ உனக்கு ஏன் அவருது மாதிரி இல்ல?"

"என்ன கேக்கறா?" என்றார் டாக்டர். யெசேனியா சொன்னாள். "உன்னோடது புது ரகம், இதவிட ஒசத்தின்னு சொல்லிடு."

யெசேனியா உறிஞ்சுகுழாயைக் கொக்கியில் மாட்டினாள். டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு, மார்சியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"நான் கேட்டேன் மேடம். இதனால ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க அம்மா வாயிலயும் இதேதான் இருக்காம்."

இப்போது மார்சி துணியை உதறிவிட்டு எழுந்து போய்விடுவாள் என்று யெசேனியா நினைத்தாள். மார்சி எழவில்லை. கண்கள் நிறைய, டாக்டரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "இந்தப் பொண்ணு இந்த அறையில இருக்கக் கூடாது. இவ வெளிய போனாத்தான் வாயத் திறப்பேன்."

உர்கீதெஸ் முகமூடியைக் கழற்றி நெஞ்சில் கை வைத்தார். "ரொம்ப சரி மேடம்," என்றார் ஆங்கிலத்தில். அதே புன்னகையோடு ஸ்பானிஷில், "கையுறையக் கழட்டு. சாயோவ அனுப்பு," என்றார்.

சாயோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு காகித முகமூடியை உருவிக் கட்டியபடி உள்ளே போனாள்.

மார்சி வெளியே வந்தபோது கன்னம் மரத்து உதடு ஒருபக்கம் தொங்கியிருந்தது. யெசேனியாவைக் கட்டிக்கொண்டு வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஒண்ணையாவது காப்பாத்திட்டேன்," என்று குழறினாள்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். "இனி அந்த அறை உனக்கு வேண்டாம். குழந்தைக்கு ஆபத்து."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே டாக்டர்?"

"அது நமக்குள்ள பேசினது. இது வர்றவங்க கண்ணுல படறது. தெருவுல நின்னு நோட்டீஸ் குடு. ஆள் கூட்டிட்டு வந்தா தலைக்கு கமிஷன்."

"காப்பீடு?"

"அது உள்ள வேலை செய்யறவங்களுக்குத்தான்மா."

மறுநாள் எல்லைக் கதவுக்கு எதிரே நின்றாள். ஆகஸ்ட் வெயில் தார்ச்சாலையை இளக்கியிருந்தது. நோட்டீஸில் ஒரு கர்ப்பிணியின் படம், பக்கத்தில் கறுத்த பல். மற்றவர்கள் நீட்டியதைத் தட்டிவிட்டு நடந்த பெண்கள் இவளிடம் நின்றார்கள். படத்தைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டார்கள்.

பத்து மணிக்கெல்லாம் தலை சுற்றியது. மருந்துக்கடைக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்று தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகி முடிப்பதற்குள் போன் அடித்தது. எதிரே க்ளினிக்கின் மாடி ஜன்னலில் டாக்டர் நின்றிருந்தார்.

"அங்க நின்னா வயிறு தெரியல. முன்னாடி வா."

யெசேனியா வெயிலுக்கு வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.