பினாயில் போட்ட தரை

என் பெரியப்பாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். வீட்டில் டி.வி. ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார். அப்படிப்பட்டவரை ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு டைரக்டராகப் போட்டால் என்ன ஆகும்? தவளை செத்துப்போகும். செத்துப்போனது.

மழைக்காட்டில் ஒரே ஓர் ஓடையில் மட்டும் இருந்த தவளை அது. கட்டைவிரல் அளவு, நனைந்த செங்கல் நிறம். பயந்தால் முதுகில் பால்போல ஒரு பசை விடும். எந்த மருந்துக்கும் அசைந்து கொடுக்காத கிருமி அந்தப் பசையில் செத்தது. உடனே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எங்களோடு கைகோத்தது. காடு எங்களுடையது, கருவிகள் அவர்களுடையது. இதற்கிடையில் மலையில் சுரங்கம் தோண்டி ஓடை வற்றிவிட்டது. மிஞ்சிய தவளைகளை, நிலையத்தில் ஆராய்ச்சி செய்யும் நான்தான் பிடித்து வந்தேன். இங்கே பெருக்கி, வேறோர் ஓடையில் விட வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை என் கண்ணாடித் தொட்டிகளை விட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

தவளை அறையில் நாற்றம் அடிக்கும். அழுகிய இலை, பாசி, ஈப்புழு எல்லாம் இருக்கும்போது அடிக்கத்தான் செய்யும். தவளை தோலால் தண்ணீர் குடிக்கிறது, தோலாலும் மூச்சு விடுகிறது. அதனால் சோப்பு வாசனை போகும்வரை கையை அலசாமல் நான் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. இதைப் பெரியப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

வெளிநாட்டுக் குழு வரும் நாள். காலையில் கதவைத் திறந்ததும் பினாயில் நெடி குப்பென்று அடித்தது. தரை பளபளவென்று இருந்தது. தொட்டிகளும்தான். இலையையும் பாசியையும் வழித்துக் கொட்டிவிட்டு உள்ளேயும் துடைத்திருந்தார்கள். தவளைகள் காலை நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. வயிற்றுத் தோல் வெந்து உரிந்திருந்தது.

துப்புரவு செய்யும் அக்கா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"டைரக்டரு பக்கத்துலயே நின்னு போடச் சொன்னாரும்மா. விருந்தாளிங்க மூக்கப் பொத்தக் கூடாதாம்."

ஒரு தொட்டியின் மூடியில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கியது. பெண் தவளை. வயிற்றில் முட்டை இருந்தது. அதை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, ஈரப் பஞ்சு போட்ட டப்பாவில் விட்டுக்கொண்டு பெரியப்பாவின் அறைக்கு ஓடினேன்.

அங்கே வெளிநாட்டுக் குழுவின் தலைவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைத் தாடிக்காரர் என்போம். நடந்ததையெல்லாம் அவருக்கும் புரியும்படி கொட்டித் தீர்த்தேன். அவராவது பெரியப்பாவைக் கிழிப்பார் என்று நம்பினேன். அவர் உச்சுக் கொட்டினார். பிறகு, வேண்டிய பசை தங்களிடம் ஏற்கெனவே உறைய வைத்து இருக்கிறது, இனி அதைச் செயற்கையாகவே செய்துகொள்ளலாம், உயிருள்ள தவளை தேவையில்லை என்றார். புது இனம் என்று அறிவிக்க மட்டும் நல்ல உடல் ஒன்று வேண்டுமாம். செத்தவை வெந்துவிட்டதால் இந்த டப்பாவில் இருப்பதுதான் சரியாம். இனத்துக்கு டைரக்டரின் பெயரையே வைக்கப் போகிறார்களாம்.

பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"பெரியப்பா, இத மட்டும் விட்டுடுங்க. முட்டை இருக்கு. ஓடைப் பக்கம் இன்னொரு தடவ தேடிப் பாக்கறேன். ஒரே ஒரு ஆண் கிடைச்சாப் போதும்."

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு. ஒரு தவளைக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? நம்ம வீட்டுப் பேரு உலகம் பூரா நிக்கப் போவுது, அத நெனச்சுப் பாரு."

டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அவர் பிடுங்கிக்கொண்டார். உயிரோடு கையில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம். தாடிக்காரர் கேமராவை உயர்த்தினார். பெரியப்பா சிரித்த முகத்தோடு தவளையை உள்ளங்கையில் கவிழ்த்தார். அது பயந்துபோய்ப் பசையை விட்டது.

"சீச்சீ! கருமம்!"

கையை உதறினார். தவளை சொத்தென்று தரையில் போய் விழுந்தது. அந்த அறையிலும் காலையில் பினாயில் போட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. அள்ளியெடுத்து, மூலையிலிருந்த வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கால்கள் ஒரு முறை இழுத்துக்கொண்டன. அவ்வளவுதான்.

பெரியப்பா என்னை இடித்துக்கொண்டு வந்து அதே குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எந்த மருந்துக்கும் சாகாத கிருமியைக் கொன்ற பசை நுரையோடு சாக்கடைக்குப் போனது. அந்தக் கையால் சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறார் என்பதை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

தாடிக்காரர் எட்டிப் பார்த்தார். நிறம் அப்படியே இருக்கிறது, அழுகாமல் இருக்க உடனே ஸ்பிரிட்டில் போட்டுவிடலாம் என்றார்.

பெரியப்பா டவலில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"போடும்மா. முன்னாடி நல்லாக் கழுவிட்டுப் போடு. நம்ம பேர்ல இருக்கப் போறது இல்லையா, நாத்தம் வரக் கூடாது."